கயிற்று வீடு

என் எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். அதற்கப்புறம் பேனா பிடித்ததெல்லாம் ரேஷன் கடையில் கையெழுத்துப் போடவும், பிள்ளைகளின் புத்தகத்துக்கு அட்டை போட்டுப் பெயர் எழுதவும்தான். போன வாரம் யார் வீட்டு விசேஷத்துக்குப் போனேன் என்பதே மறந்துபோகிறது. எந்த வருஷம் எது நடந்தது என்று கேட்டால் முன்னே பின்னே சொல்லிவிடுகிறேன். நனைந்த தென்னங்கயிற்றின் வாடை மட்டும் மறக்கமாட்டேன் என்கிறது. ஊறிய மட்டையின் கசப்பும், பாசியும், பிடித்து இழுத்த உள்ளங்கைகளின் வேர்வையும் கலந்த வாடை அது. ஐப்பசி பிறந்து வானம் மூடினால் இப்போதும் எங்கிருந்தோ வந்து மூக்கில் ஏறும். ஏறினால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

இராமநாதபுரம் ஜில்லாவில் ஆறு என்றால் பெரும்பாலும் மணல்தான். எங்கள் ஆறும் அப்படித்தான். கடலைப் போய்ச் சேர இன்னும் இரண்டு மூன்று மைல் இருக்கையில் அது இரண்டாகப் பிரிந்து, எங்கள் ஊரைச் சுற்றிக்கொண்டு போய், கீழே திரும்பவும் ஒன்றாகும். வடக்கே போகிற அகலமான கிளை 'பெரியாறு', தெற்கே போகிற ஒடுங்கின கிளை 'சின்னாறு'. இரண்டுக்கும் நடுவில் வெள்ளரிப்பழம் மாதிரி நீளமாகக் கிடந்தது எங்கள் 'திட்டு'. மேலத் தலையிலிருந்து கீழத் தலைக்கு நடந்து முடிப்பதற்குள் ஒரு உலைச் சோறு வெந்துவிடும், அவ்வளவுதான் ஊர். இருபது வீடு இருக்கும். எல்லாரும் பங்காளிகள் அல்லது மாமன் மச்சான்கள். வண்டலில் குண்டு மிளகாய் போட்டோம், கொஞ்சம் கேழ்வரகும் போட்டோம், ஆடு வளர்த்தோம். கடை, ரைஸ் மில், ஆஸ்பத்திரி, இராமநாதபுரத்துக்குப் போகிற பஸ் எல்லாம் சின்னாற்றைத் தாண்டித் தென்கரையில் இருந்தன.

வருஷத்தில் எட்டு ஒன்பது மாதம் நாங்களும் மற்ற ஊர்க்காரர்களைப் போலத்தான். சின்னாற்று மணலில் இறங்கி ஏறினால் தென்கரை. சித்திரை வெயிலில் அந்த மணலைத் தாண்டுவதற்கு எருக்கிலைக் கொத்து ஒன்றை ஒடித்துக்கொண்டு போவோம். கால் பொறுக்காதபோது அதைக் கீழே போட்டு மேலே ஏறி நின்றுவிட்டு, ஆறினதும் எடுத்துக்கொண்டு மறுபடி ஓட்டம். குடிதண்ணீருக்கு ஊற்றுத் தோண்டுவது பெண்பிள்ளைகள் வேலை. முழங்கை ஆழத்துக்கு மணலைப் பறித்துவிட்டு உட்கார்ந்தால் தண்ணீர் மெதுவாகச் சுரந்து வரும், சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தில் ஊற்ற வேண்டும். பங்குனிக்கு மேல் கடலிலிருந்து 'உப்பு ஏறி' வரும் என்பதால், ஊற்றை மேலத் தலைப்பக்கமாக நகர்த்திக்கொண்டே போவோம். அப்படி உட்கார்ந்திருக்கும்போது ஊர்க்கதை முழுக்கப் பேசுகிறவள் என் அக்கா பூமயில். என்னைவிட ஏழெட்டு வயசு மூத்தவள். யாராவது என்னிடம் எதையாவது கேட்டால் நான் தலையைக் குனிந்துகொள்வேன், அக்காதான் பதில் சொல்லுவாள். பசிக்கிறதா என்று என்னைக் கேட்டால்கூட அவள்தான், பசிக்குதாம் என்பாள்.

ஐப்பசியில் ஆறு வரும். எங்கள் ஊரில் மழை பெய்யாமலே வரும், ஏனென்றால் மழை மேற்கே எங்கோ பெய்திருக்கும். முதல் தண்ணீர் ஒன்றும் பயமாக இருக்காது. மணலை நக்கிக்கொண்டு, முன்னால் நுரையையும் சருகையும் தள்ளிக்கொண்டு, நடக்கிற வேகத்தில் வரும். பிள்ளைகள் அதற்கு முன்னால் பின்பக்கமாக நடந்துகொண்டே கைதட்டுவோம். அன்று சாயங்காலத்துக்குள் இடுப்பு மட்டம், மறுநாள் ஆள் மட்டம். அப்புறம் மார்கழி முடிகிறவரை நாங்கள் தீவுக்காரர்கள். தென்கரைப் பொம்பளைகள் சந்தையில் எங்களைப் பார்த்து, திட்டுக்காரன் ஒன்பது மாசம் மனுசன், மூணு மாசம் மீன் என்று சிரிப்பார்கள். என் ஆத்தா சளைக்கமாட்டாள். மீன் விக்கிற விலைக்கு நீங்க எங்களத் தொட்டுப் பாக்க முடியாது என்பாள்.

அந்த மூன்று மாதத்துக்கும் எங்கள் உயிர் ஒரு கயிற்றில் இருந்தது. கடலோரத்து மீன்பிடிக்கிறவர்களிடம் வாங்கிய மணிக்கட்டு கனத்து வடம். ஒரு முனை திட்டில் இரட்டைப் பனையில், மறுமுனை தென்கரையில் ஒரு வீட்டு முற்றத்து மஞ்சனத்தி மரத்தில். தகரப் பீப்பாய்களைச் சேர்த்துக் கட்டிய 'தெப்பம்' ஒன்று அதில் கோத்திருக்கும்; ஏறி நின்று வடத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டே போக வேண்டும். அரிசி, மண்ணெண்ணெய், காய்ச்சல்காரர்கள், பிரசவத்துக்குப் போகிறவர்கள் எல்லாம் அந்தத் தெப்பத்தில்தான். வெயில் காலத்தில் வடத்தை அவிழ்த்து, சுருட்டி, தென்கரை வீட்டுப் பரணில் போட்டுவிடுவார்கள். திட்டில் வைத்தால் கரையான் விடாது. ஐப்பசி முதல் வாரத்தில், ஆறு வருவதற்கு முன்னால், தென்கரை வீட்டுக்காரர் அதைத் தோளில் போட்டு மணலில் இழுத்துவந்து கொடுப்பார், இந்தப் பக்கம் முடிச்சு விழும்.

அந்தத் தென்கரை வீட்டுக்குத்தான் 'கயித்து வீடு' என்று பெயர். அதற்கு ஒரு வழக்கம் இருந்தது. எங்கள் திட்டில் பிறந்த ஒரு பெண் எப்போதும் அந்த வீட்டில் வாழ்ந்துகொண்டிருக்க வேண்டும். வேறு வீட்டுக்காரன் கோபத்திலோ குடியிலோ முடிச்சை அவிழ்த்துவிட்டால் இருபது வீடும் என்ன ஆகும்? எங்கள் அய்யாதான் ஊர்ப் பெரியவர், அவர் சொல்லுவார்:

"நம்ம பிள்ளை அங்கன இருந்தாத்தான் அவன் கை முடிச்ச இறுக்கிப் போடும்."

அய்யாவோடு கூடப்பிறந்த எங்கள் அத்தை அந்த வீட்டில் இருந்தாள். நான் ஐந்தாவது படிக்கிற வருஷம் அத்தை வயிற்றுவலியில் போய்ச் சேர்ந்தாள். அது எழுபத்து நாலாம் வருஷமோ, ஐந்தோ. காரியம் முடிவதற்குள்ளேயே, அத்தை மகனுக்குப் பூமயில் என்று பேச்சு வந்துவிட்டது. முறை மாப்பிள்ளைதான், கெட்டவரும் இல்லை. ஆனாலும் அக்கா ஒப்பவில்லை. ஊரு மழைக்கு மழை மட்டும் நினைக்கிற வீட்டுக்கு நான் போறதா என்று அழுதாள். இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தவள் மூன்றாம் நாள் எழுந்து முகத்தைக் கழுவிவிட்டு, அய்யாவுக்கு ஒரு நிபந்தனை வைத்தாள். நான் போகிறேன், சின்னவளை என்னோடு தங்கவைத்து ஆறாம் வகுப்பில் சேர்க்க வேண்டும் என்றாள்.

திட்டில் ஐந்தாம் வகுப்பு வரைதான் ஓலைக் கொட்டகைப் பள்ளிக்கூடம். வாத்தியார் மணலில் நடந்து வருவார், ஆறு வந்துவிட்டால் எங்களுக்கு லீவு. ஆறாம் வகுப்பு தென்கரையில். எனக்குப் படிப்பு பிடித்திருந்தது. பேச வராத எனக்கு எழுதினால் வந்தது. வாத்தியார் என் சிலேட்டை மற்ற பிள்ளைகளுக்குத் தூக்கிக் காட்டுவார், நான் பாவாடையில் முகத்தைப் புதைத்துக்கொள்வேன். இதையெல்லாம் அக்கா கவனித்திருக்கிறாள் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அய்யா சிரித்துக்கொண்டே சரி என்றார். அதை ஆத்தா, அக்கா, நான் மூன்று பேரும் காதால் கேட்டோம்.

வைகாசியில் கல்யாணம். ஊரே மணலில் நடந்துபோய் அக்காவை விட்டுவிட்டு வந்தது. ஆனியில் பள்ளிக்கூடம் திறந்தது. அக்கா எனக்காக ஒரு துணிப்பை தைத்து அனுப்பியிருந்தாள், மிளகாய்ச் சிவப்பில். நான் அதைத் தினமும் தோளில் மாட்டிப் பார்ப்பேன். அய்யா முதலில் ஆடு குட்டி போடட்டும் என்றார். அப்புறம் ஆத்தா மாசமாக இருக்கிறாள், ஊற்றுத் தண்ணிக்கு ஆள் வேண்டும் என்றார். அப்புறம் அடுத்த வருஷம் என்றார். ஆடிக்கு வந்த அக்கா, நான் ஆட்டுக்குப் பின்னால் போகிறதைப் பார்த்துவிட்டு நேரே அய்யாவிடம் போனாள். என்ன பேசினார்கள் என்று தெரியாது. திரும்பிப் போகும்போது அக்கா என் தலையைத் தொட்டுவிட்டுப் போனாள், யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஐப்பசி பிறந்தது, வடம் வரவில்லை. ஆள் விட்டுக் கேட்டார்கள். அக்கா வீட்டுக்காரரான என் மச்சான் இன்றைக்கு வாரேன், நாளைக்கு வாரேன் என்றார். அவருக்கு அக்காவை மீறித் துணிச்சல் இல்லை. அப்படியே நாள் போய், ஒரு காலையில் தண்ணீர் வந்துவிட்டது. இந்தத் தடவை பிள்ளைகள் கைதட்டவில்லை.

சின்னாறு ஒடுங்கினது என்றாலும் ஓட்டத்தில் நீந்துகிற ஆறு இல்லை. கத்திப் பேசினால் அந்தப் பக்கம் கேட்கும், அவ்வளவு தூரம். மற்ற வருஷங்களில் அக்கரைப் பொம்பளைகளும் இக்கரைப் பொம்பளைகளும் என்ன குழம்பு, யாருக்குப் பிள்ளை என்று கத்திக் கத்தியே பேசி முடிப்பார்கள். அந்த வருஷம் அக்கா மட்டும் மஞ்சனத்தி மரத்தடியில் வந்து நின்றாள். வடத்தைப் பரணிலிருந்து இறக்கி, சுருளாக மரத்தடியில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"சின்னவள அனுப்புறேன்னு ஊருக்கு முன்னால சொல்லுங்க, அய்யா. கயிறு வரும்."

அய்யா திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்துவிட்டார். பெற்ற மகள் ஊருக்கு முன்னால் நிற்கவைத்துக் கேட்கிறாள் என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை. அரிசி இருந்தது, பனங்கிழங்கு இருந்தது, ரெண்டு நாளில் அவளே வழிக்கு வருவாள் என்றார். பக்கத்து வீட்டு இருளாயிக்கு அன்றைக்கே காய்ச்சல். எட்டு வயசுப் பிள்ளை, என்னோடு ஊற்றுக்கு வருகிறவள். மறுநாள் கழுத்தைத் திருப்ப முடியாமல் முனகினாள். அவள் அப்பா அய்யாவிடம் வந்து நின்றார். அக்காவிடம் சொன்னால் அந்த நிமிஷமே வடத்தைக் கட்டிவிடுவாள் என்று எனக்குத் தெரியும், அய்யாவுக்கும் தெரியும். மகளின் இரக்கத்தில் கயிறு வாங்குவதற்கு அவருக்கு மனசு வரவில்லை. இருளாயியின் அப்பாவையும் கத்தவிடவில்லை, பொறு என்று கையைப் பிடித்துக்கொண்டார். நானாவது ஓடிப்போய்க் கத்தியிருக்கலாம் என்று இப்போது சொல்லுவீர்கள். எனக்கு ஆள் கூப்பிடுகிற அளவுக்குக்கூடக் குரல் வெளியே வராது. வந்திருந்தாலும் அய்யா நிற்கிற இடத்தில் வாயைத் திறக்க எங்கள் ஊரில் எந்தப் பிள்ளைக்கு முடியும்?

அதற்கடுத்த நாள் உச்சிப்பொழுதில் அந்தப் பிள்ளைக்குக் கண் மேலே செருகியது. அய்யா கரைக்கு நடந்தார். ஊரே பின்னால் வந்தது, அக்கரையிலும் கூட்டம். நான் அய்யாவின் வேட்டியை ஒட்டி நின்றேன். தண்ணீர் அவர் முழங்காலில் மோதிக்கொண்டிருந்தது.

"பூமயிலு, சின்னவள அனுப்புறேன். சத்தியமா அனுப்புறேன். கயித்தப் போடு. பிள்ளைக்குக் காச்சலு."

காய்ச்சல் என்ற வார்த்தை கேட்டதும் அக்கா எழுந்த வேகம் இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. மச்சான் வடத்தின் முனையில் முடிந்த ஒரு நூல்கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு குதித்தார். ஓட்டம் அவரைக் கீழத் தலைப்பக்கமாக இழுத்துக்கொண்டுபோய்த்தான் கரையில் விட்டது. வடம் வந்தது, தெப்பம் வந்தது, இருளாயியை ஏற்றினார்கள். நான் வீட்டுக்கு ஓடி, சிவப்புப் பையை எடுத்து, பாவாடையையும் சிலேட்டையும் திணித்துக்கொண்டு, தெப்பம் இரண்டாம் தடவை வருவதற்காகப் போய் நின்றேன். அய்யா என்னைப் பார்த்தார்.

"கையில என்னத்தா பையி? ஒரு பிள்ள உசுருக்குக் கெடக்கு, ஒனக்குப் பள்ளிக்கூடம் கேக்குதா?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

இருளாயி பிழைத்தாள். ஆனால் காது போய்விட்டது. இரண்டு நாள் முன்னால் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னாராம். திட்டில் எல்லாருக்கும் சொல்ல முடிந்தது. பூமயில் பிள்ளையின் காதைத் தின்றாள் என்றார்கள். அய்யா எத்தனை நாள் காய்ச்சலை மறைத்தார் என்று யாரும் பேசவில்லை. பேசவேண்டிய ஆளே அவர்தானே.

தையில் ஆறு வற்றியதும் ஊர் கூடியது. கூட்டம் என்றால் சின்னாற்று நடு மணலில் உட்காருவார்கள். இரண்டு கரைக்கும் பொது என்று. பூமயில் இருக்கிற வீட்டில் இனி வடம் வேண்டாம், கொஞ்சம் கீழே தள்ளி இன்னொரு வீடு இருக்கிறது, அங்கே மாற்றிவிடலாம் என்று பேச்சு. நான் பக்கத்திலேயே ஊற்றில் தண்ணீர் மொண்டு, பெரியவர்களுக்குச் செம்பில் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்தப் புது வீட்டுக்காரர், எங்க வீட்டுக்கு யாரத் தருவீங்க என்று கேட்டார். அய்யா என் கையிலிருந்து செம்பை வாங்கினார். ஒரு மடக்குக் குடித்தார்.

"சின்னவ இருக்காளே."

அவ்வளவுதான். செம்பைத் திருப்பித் தந்தார், நான் வாங்கிக்கொண்டேன். மச்சானோடு அக்கா அந்தக் கூட்டத்துக்கு வந்து ஒதுங்கி நின்றாள். எனக்குப் பதிலாகப் பேசியே பழக்கப்பட்டவள் என்பதால் நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் மணலைப் பார்த்தாள். தனியாகப் பிடித்துக் கேட்டபோது, இனிமே நான் என்ன சொன்னாலும் அந்தப் பிள்ளை காதத்தான் சொல்லுவாங்க, தாயி என்றாள். அடுத்த ஆனியிலும் பள்ளிக்கூடம் திறந்தது. கயித்து வீட்டுக்குப் போகப்போகிற பெண்ணுக்கு எதற்குப் படிப்பு? அந்த வருஷம் அய்யா ஒரு சாக்குக்கூடச் சொல்லவில்லை. எனக்கு வயது வரும்வரை காத்திருந்து கட்டிக்கொடுத்தார்கள், அதை மட்டும் ஒழுங்காகச் செய்தார்கள்.

என் வீட்டுக்காரர் நல்ல மனிதர், அவரைப் பற்றி எனக்குக் குறை கிடையாது. ஐப்பசி தவறாமல் நானும் அவருமாக வடத்தைத் தோளில் போட்டு இழுத்துப்போய்க் கொடுத்தோம். ஒரு வருஷமும் பிந்தவில்லை. தென்கரையில் என்னைக் 'கயித்துல வந்த பொண்ணு' என்றுதான் சொல்லுவார்கள். எனக்கு ஒரு பெயர் இருப்பதே சிலருக்குத் தெரியாது. பிறகு இரண்டாயிரத்தைத் தாண்டி சின்னாற்றின் குறுக்கே பாலம் வந்தது. தூண் போட்டார்கள், சிமெண்டு ஊற்றினார்கள், எந்த வீட்டுப் பெண்ணையும் கேட்கவில்லை. பாலம் வந்ததும் லாரியும் வந்தது. மணலை அள்ளி அள்ளி இப்போது ஆற்றில் களிமண் தெரிகிறது, ஊற்று இல்லை. திட்டில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக ஊரைவிட்டுக் கரையேறிவிட்டார்கள், மிளகாய் போட்ட இடமெல்லாம் சீமைக்கருவேல். வடத்தை என் வீட்டுக்காரர் துண்டு துண்டாக வெட்டி மாடு கட்ட எடுத்துக்கொண்டார். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் கிடையாது.

வருத்தமெல்லாம் அய்யாவின் தெவசத்தன்று நடந்ததில்தான். அக்கா, நான், தம்பி எல்லாரும் தம்பி வீட்டில் கூடியிருந்தோம். அந்த வருஷம் ஆத்தா வயிற்றில் இருந்தானே, அந்தத் தம்பிதான். இராமநாதபுரத்தில் காலேஜ் வரை படித்து நல்ல வேலையில் இருக்கிறான். இருளாயியும் வந்திருந்தாள். கல்யாணம் ஆகவில்லை அவளுக்கு. அக்காதான் பொங்கலுக்குப் பொங்கல் அவளுக்குச் சேலை எடுத்துக் கொடுப்பாள். பேசுகிறவர்கள் வாயைப் பார்த்தே அவள் எல்லாம் புரிந்துகொள்வாள். தம்பி தன் மகளிடம் அய்யாவின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தான். அய்யாவுக்குப் பொம்பளைப் பிள்ளைகளைப் படிக்கவைக்க ரொம்ப ஆசை, சின்னக்காவை ஆறாவதில் சேர்க்க எவ்வளவோ பார்த்தார், சின்னக்காதான் கூச்சப்பட்டுக்கொண்டு போகமாட்டேன் என்று அழுதுவிட்டது என்றான்.

பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். என் வாழ்நாளில் அன்றைக்குத்தான் கூட்டத்தில் வாயைத் திறந்தேன். அப்படி இல்லை, அனுப்புகிறேன் என்று அய்யா சத்தியம் பண்ணினார், ஆற்றங்கரையில், வடத்துக்காக, அக்காவைக் கேளுங்கள் என்றேன். எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். இருளாயியும் பார்த்தாள், அக்காவின் வாயை.

அக்கா வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டாள்.

"சத்தியமெல்லாம் யாரு பண்ணுனா? அந்த வருசம் பரணு இடிஞ்சு கயிறு மாட்டிக்கிருச்சு, அதான் கட்டத் தாமசம். இவ சின்னப் பிள்ளையில பேசவே மாட்டா. பள்ளிக்கூடம்னா கூச்சம்."

இருளாயி தலையை ஆட்டிக்கொண்டாள். தம்பி அடுத்த கதைக்குப் போய்விட்டான். கயிற்றைப் பிடித்துவைத்தது தான்தான் என்று இருளாயிக்கு முன்னால் அக்கா எப்படிச் சொல்லியிருக்க முடியும், அது எனக்குப் புரிகிறது. புரிவதால் ஒன்றும் ஆறவில்லை. அய்யா என் படிப்பைப் பறித்தார். எனக்காக வடத்தின்மேல் உட்கார்ந்தவள், நானே படிப்பு வேண்டாம் என்றேன் என்று சொல்லிவிட்டாள். இனி இந்தக் குடும்பத்தில் அதுதான் கதை. என் பேத்திக்கும் அப்படித்தான் சொல்லப்படும்.

மாதமும் வருஷமும் நான் மாற்றி எழுதியிருந்தால் தெரிந்தவர்கள் திருத்திக்கொள்ளுங்கள். பெரியாறு எங்கே பிரிகிறது, திட்டில் எத்தனை வீடு என்பதையும் யாராவது விசாரித்துச் சரி செய்யுங்கள், எனக்கு ஒன்றும் மனக்குறை இல்லை. அதோடு இன்னொன்றையும் விசாரிக்க வேண்டும். அன்றைக்கு உச்சிப்பொழுதில் தென்கரை மஞ்சனத்தி மரத்தடியில் கூட்டமாக நின்றவர்களில் யாராவது இன்னும் இருக்கக்கூடும். அய்யாவின் பக்கத்தில் நின்று கேட்டவள் நான், ஆனால் குடும்பத்தில் என் சொல் எடுபடாது. அவர்களைக் கண்டுபிடித்து, தண்ணீருக்கு இந்தப் பக்கத்திலிருந்து அவர் சின்னவளை அனுப்புகிறேன் என்று சொன்னது அந்தக் கரை வரைக்கும் கேட்டதா என்று கேட்டுச் சொல்லுங்கள்.